கழித்தால் கிடைக்கும் கோள்கள்

1769 ஜூன் 4 அதிகாலை, புதுச்சேரியில் வானம் மூடிக்கொண்டது. கியோம் லெ ஜெந்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர் அந்த ஒரு காலைக்காக எட்டு வருடம் காத்திருந்தவர். வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்து போவதைப் பார்த்து நேரம் குறிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. 1761இல் இதே கடப்பைப் பார்க்கக் கிளம்பி வந்தபோது புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டிருந்தது. கப்பல் திரும்பிவிட்டது. ஆடுகிற தளத்தில் நின்று பார்த்தது எந்தக் கணக்குக்கும் உதவவில்லை. இரண்டாவது முறைக்குள் ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பியிருந்தது. தனக்கென ஒரு வான்காணகமும் அமைத்துக்கொண்டார். கடப்பு நேரத்தில் மேகம். அது முடிந்த கொஞ்ச நேரத்தில் வெயில் அடித்தது. ஊருக்குப் போய்ச் சேர்ந்தால், ஆள் இறந்துவிட்டார் என்று முடிவுகட்டி உறவினர்கள் சொத்தைப் பங்கு போடத் தொடங்கியிருந்தார்கள்.

இன்று வேறு சூரியன்களைச் சுற்றும் கோள்களைப் பற்றி, அதாவது புறக்கோள்களைப் பற்றி, நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர் தவறவிட்ட அதே காட்சியிலிருந்து வருவதுதான். கோள் ஒன்று தன் சூரியனுக்குக் குறுக்கே போகிறது. ஒளி கொஞ்சம் குறைகிறது.

2012 ஜூன் 6 காலை வெள்ளி மறுபடி குறுக்கே போனபோது, தமிழ்நாட்டில் பலர் சூரியக் கண்ணாடி வழியாக அந்தக் கரும்புள்ளியைப் பார்த்திருப்பார்கள். அப்போது சூரிய ஒளி ஆயிரத்தில் ஏறக்குறைய ஒரு பங்கு குறைந்தது. வெயில் தணிந்ததாக யாருக்கும் தோன்றியிருக்காது. வெள்ளி நமக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்த அளவாவது மறைத்தது. இதையே ஐம்பது ஒளியாண்டு தொலைவிலிருந்து ஒருவர் பார்த்தால், மறைவது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அவருக்குச் சூரிய வட்டமும் தெரியாது, கரும்புள்ளியும் தெரியாது. ஒரே ஒரு ஒளிப்புள்ளி. அதன் பிரகாசம் துளி இறங்கி மறுபடி ஏறும். எவ்வளவு இறங்கியது என்பதிலிருந்து கோளின் பருமன் தெரியும். எத்தனை நாளுக்கு ஒரு தரம் இறங்குகிறது என்பதிலிருந்து அதன் ஆண்டுக் கணக்கு தெரியும்.

நாளிதழ்களிலும் கைபேசியிலும் வரும் புறக்கோள் படங்களைப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. கண்ணாடி மழை பெய்யும் நீலக் கோள், வைரக் கோள், கடல் சூழ்ந்த கோள் எல்லாமே ஓவியர்கள் வரைந்தவை. உறுதியான புறக்கோள்களின் எண்ணிக்கை 2025 செப்டம்பரில் 6,000ஐத் தொட்டது. அவற்றில் நேரடியாகப் படம் பிடிக்கப்பட்டவை மிகச் சில. அவையும் மங்கலான புள்ளிகளே. மற்றவற்றில் பெரும்பாலானவை கழித்தல் கணக்கு. கோள் இருக்கும்போது வந்த ஒளி, இல்லாதபோது வந்த ஒளி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். விசித்திரக் கோள்களின் கதை எல்லாமே அந்த வித்தியாசத்தை எப்படிப் படிப்பது என்பதில்தான் இருக்கிறது.

முதல் விசித்திரம் கழித்தலுக்கு முன்பே வந்துவிட்டது. 1995இல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும், பெகாசஸ் விண்மீன் கூட்டத்தில் 51 என்று எண்ணிடப்பட்ட விண்மீன் தள்ளாடுவதைக் கண்டுபிடித்தார்கள். நம் பஞ்சாங்கத்துப் பூரட்டாதியின் இரண்டு விண்மீன்களுக்கு நடுவே, கொஞ்சம் ஒதுங்கி இருக்கிறது அது. வியாழனில் பாதி நிறை கொண்ட ஒரு கோள் அதை இப்படியும் அப்படியும் இழுத்தபடி 4.2 நாளில் ஒரு முறை சுற்றி வருகிறது. நம் வியாழனுக்கு இதற்குப் பன்னிரண்டு வருடம் ஆகும். சூரியக் குடும்பத்தை மட்டும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது நம்ப முடியாத சங்கதி: பெரிய வாயுக் கோள் என்றால் தூரத்தில் குளிரில்தானே இருக்க வேண்டும்? இத்தனைக்கும் ஓட்டோ ஸ்ட்ரூவே என்ற வானியலாளர் 1952லேயே, விண்மீனை ஒட்டி வியாழன் மாதிரிக் கோள்கள் சுற்றலாம், தேடிப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேயரும் கெலோவும் 2019இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

குறுக்கே போவதைப் பிடிக்கத் தரையிலிருந்து முயன்றால், லெ ஜெந்தீலின் மேகம் ஒரு தொல்லை. மேகமே இல்லாத இரவிலும் நம் காற்று அசைந்துகொண்டே இருக்கிறது, விண்மீன் மினுக்குகிறது. பூமி அளவுள்ள கோளின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அந்த மினுக்கலில் மூழ்கிவிடும். விடிந்துவிட்டால் வேலையும் நின்றுவிடும். வில்லியம் போருக்கி என்ற நாசா விஞ்ஞானி, இதற்கென்றே ஒரு தொலைநோக்கியை விண்ணுக்கு அனுப்பலாம் என்று 1990களில் நான்கு முறை கேட்டார். நான்கு முறையும் நிராகரித்தார்கள். 2001இல்தான் ஒப்புதல் கிடைத்தது. 2009இல் ஏவப்பட்ட அந்தக் கெப்ளர், வானத்தின் ஒரே திசையை, அங்குள்ள சுமார் 1,50,000 விண்மீன்களை, நான்கு வருடம் கண் கொட்டாமல் பார்த்தது. 2,600க்கும் மேற்பட்ட கோள்கள் அதன் கணக்கில் சேர்ந்தன. அப்புறம் 2018இல் வந்த டெஸ் என்ற விண்வெளித் தொலைநோக்கி, ஏறக்குறைய வானம் முழுவதையும் பகுதி பகுதியாகச் சுற்றிப் பார்த்து, நமக்கு அருகில் உள்ள பிரகாசமான விண்மீன்களிடம் கோள் தேடுகிறது.

பருமனும் ஆண்டும் தெரிந்தால் போதுமா? அங்கே காற்று இருக்கிறதா, இருந்தால் என்ன காற்று என்பதுதானே ஆசை. இதற்கும் குறுக்கே போகும் நேரமே உதவுகிறது. கோளைச் சுற்றி வாயுமண்டலம் இருந்தால், விண்மீனின் ஒளியில் ஒரு துளி அந்த விளிம்பு வழியாக வடிகட்டப்பட்டு நமக்கு வரும். ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று சில நிறங்களை மட்டும் விழுங்கும். அந்த நிறங்களில் பார்க்கும்போது கோள் சற்றே பெரிதாகத் தெரியும், ஏனென்றால் காற்றும் சேர்ந்து மறைக்கிறது. ஆக, ஒரே கோளின் பருமனை நூற்றுக்கணக்கான நிறங்களில் தனித்தனியாக அளந்து பார்த்தால், எந்த நிறத்தில் வீங்குகிறது என்பது அங்குள்ள வாயுவைக் காட்டிக்கொடுக்கும். 2001இல் ஹபிள் தொலைநோக்கி எச்டி 209458 பி என்ற கோளில் இப்படித்தான் சோடியத்தைக் கண்டது. எல்இடி வருவதற்கு முன் நம் தெருவிளக்குகளில் இருந்த அந்த மஞ்சள், அதே சோடியத்தின் நிறம்தான். ஹபிள் 1990இல் ஏவப்பட்டபோது உலகத்தில் யாருக்கும் ஒரு புறக்கோள்கூடத் தெரியாது. வேறு வேலைக்குச் செய்த கருவியை வைத்து எடுத்த வேலை இது.

இதற்கென்றே யோசித்த கருவிகளோடு ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2021 டிசம்பர் 25 அன்று கிளம்பியது. 6.5 மீட்டர் கண்ணாடி, பதினெட்டுத் துண்டுகள், மேலே தங்கப் பூச்சு. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, டென்னிஸ் மைதானம் அளவுள்ள ஐந்தடுக்குக் குடையின் நிழலில் குளிர்ந்தபடி இருக்கிறது. அகச்சிவப்பு ஒளியைப் படிக்க வந்தது. தானே சூடாக இருந்தால் தன் வெப்பமே அதற்குக் கண்ணை மறைக்கும். தண்ணீர், மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு எல்லாம் தங்கள் கைரேகையை விடுவது பெரும்பாலும் அகச்சிவப்பில்தான். 2022இல் அது டபிள்யூஏஎஸ்பி-39 பி என்ற சூடான வாயுக் கோளைப் பார்த்தபோது, 4.3 மைக்ரான் அலைநீளத்தில் கோள் திடீரென்று உப்பியது. கார்பன் டை ஆக்சைடு. புறக்கோள் ஒன்றில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அது தெரிந்தது அதுவே முதல் முறை.

கோள் விண்மீனுக்குப் பின்னால் போகும் நேரமும் வீணில்லை. முன்பு விண்மீனும் கோளும் சேர்ந்து தந்த ஒளி வந்தது, இப்போது விண்மீன் மட்டும். கழித்தால் கிடைப்பது கோளின் சொந்த ஒளி. சுமார் 64 ஒளியாண்டு தொலைவில் உள்ள எச்டி 189733 பி கோளின் நிறம் 2013இல் இப்படித்தான் தெரிந்தது. அது பின்னால் மறைந்தபோது ஹபிள் அளந்த நீல ஒளி மட்டும் ஒரு பொடி குறைந்தது. பச்சையும் சிவப்பும் அப்படியே இருந்தன. அப்படியானால் அந்தக் கோள் திருப்பி அனுப்பும் ஒளி நீலம். அடர்நீலக் கோள் என்று உலகமெங்கும் செய்தி வந்ததற்குப் பின்னால் இருந்தது இவ்வளவுதான். எனக்கு அந்த ஓவியங்களைவிட இந்தச் சிறிய பள்ளம்தான் அழகாகத் தெரிகிறது.

பூமியின் நீலத்தை நினைத்துக்கொண்டு அங்கே போய்விடக் கூடாது. வெப்பம் 1,000 டிகிரிக்குப் பக்கம். வாயுமண்டலத்தில் மிதக்கும் மணல் சார்ந்த நுண்துகள்கள் நீலத்தைச் சிதறடிப்பதால் வந்த நிறம் என்று ஊகித்தார்கள். சிலியில் உள்ள ஒரு தரைத் தொலைநோக்கியின் தரவில், அங்கே காற்று நொடிக்கு 2 கிலோமீட்டருக்கும் மேல் வீசுவது தெரிந்தது. உருகிய மணல் என்றால் கண்ணாடி. அந்த வேகத்தில் வீசினால் கண்ணாடி மழை பக்கவாட்டில் அடிக்கும். இந்தக் கடைசி வாக்கியம்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. 2024இல் ஜேம்ஸ் வெப் தரவில் குவார்ட்ஸ் துகள்களின் அடையாளம் கிடைத்தது, அதாவது கண்ணாடிச் சரக்கு அங்கே இருப்பதற்குச் சான்று வந்துவிட்டது. அதே ஆண்டு அழுகிய முட்டை வாடை தரும் ஹைட்ரஜன் சல்பைடும் அங்கே தெரிந்தது. மழையாகப் பெய்கிறதா என்பது இன்னும் ஊகக் கணக்கில்தான் நிற்கிறது.

எல்லாக் கோளும் இப்படி வாய் திறப்பதில்லை. 48 ஒளியாண்டு தொலைவில் உள்ள ஜிஜே 1214 பி பூமிக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்ட பருமன் கொண்டது. ஹபிள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து 2014இல் வெளிவந்த முடிவு ஒரு நேர்கோடு. எந்த நிறத்திலும் வீக்கமே இல்லை. உயரத்தில் அடர்ந்த மேகமோ புகைமூட்டமோ மூடியிருக்கிறது, அதற்குக் கீழே என்ன இருந்தாலும் தெரியாது. புதுச்சேரி மேகத்தைத் தாண்டத்தானே விண்ணுக்குப் போனோம். இம்முறை மேகம் அந்தப் பக்கம் இருந்தது.

சரி, வைரக் கோளுக்கு வருவோம். கடக ராசியில் 55 கான்கிரி என்ற விண்மீன் இருக்கிறது. நல்ல இருட்டில், கூர்மையான கண்ணுக்கு வெறுமனே மங்கலாகத் தெரியும். அதன் ஐந்து கோள்களில் ஒன்று 55 கான்கிரி இ. 2004இல் கண்டுபிடித்தபோது அதன் ஆண்டு 2.8 நாள் என்றார்கள். பிறகு தரவை மறுபடி அலசியவர்கள், அது தப்பு, ஆண்டு வெறும் 18 மணி நேரம்தான் என்று காட்டினார்கள். பருமன் பூமியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, நிறை எட்டு மடங்குக்கும் மேல். 2012இல், இந்தியாவில் பிறந்த நிக்கு மதுசூதனும் அவரது குழுவினரும் ஒரு கட்டுரை எழுதினார்கள்: இந்தப் பருமனுக்கும் நிறைக்கும் கார்பன் மிகுந்த உட்புறம் பொருந்தும், அந்த அழுத்தத்தில் கார்பன் வைரமாக இருக்கும். விண்மீனிலேயே ஆக்சிஜனைவிடக் கார்பன் அதிகம் என்ற அளவீட்டை அவர்கள் துணைக்கு வைத்திருந்தார்கள். கட்டுரையில் "பொருந்தும்" என்று இருந்தது தலைப்புச் செய்தியில் "வைரக் கோள்" ஆயிற்று. அடுத்த ஆண்டே அந்த விண்மீனை மறுபடி அளந்தபோது, ஆக்சிஜன்தான் அதிகம் என்று தெரிந்தது. வைரத்துக்கு இருந்த முட்டு போய்விட்டது. படங்கள் மட்டும் இன்றுவரை பகிரப்படுகின்றன.

உண்மையில் தெரியவந்தது அதைவிட விசித்திரம். எப்போதும் ஒரே முகத்தை விண்மீனுக்குக் காட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கோளின் பகல் பக்கம் பாறையே உருகி ஓடும் சூட்டில் இருக்கிறது. காற்றே இல்லாவிட்டால் அங்கே 2,200 டிகிரி இருக்க வேண்டும். கோள் விண்மீனுக்குப் பின்னால் போகும் நேரத்தில் ஜேம்ஸ் வெப் கழித்துப் பார்த்து, 2024இல் வெளிவந்த அளவு சுமார் 1,540 டிகிரி. குறையும் அந்த வெப்பத்தை ஏதோ ஒன்று இரவுப் பக்கத்துக்குக் கொண்டு போகிறது. கார்பன் மோனாக்சைடோ டை ஆக்சைடோ நிறைந்த வாயுமண்டலம் என்பது இப்போதைய விளக்கம். உருகிய பாறைக் கடலே அந்த வாயுவைத் தொடர்ந்து கக்கிக்கொண்டிருக்கலாம். அங்கும் இழுபறி இருக்கிறது. வேறு அலைநீளத்தில் பல தடவை அளந்தபோது, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அளவு வந்தது.

வைரப் பேச்சு வேறு இடத்தில் திரும்ப வந்திருக்கிறது. செத்துச் சுருங்கிய ஒரு விண்மீனான பல்சார் ஒன்றை, வியாழன் அளவு நிறையுள்ள ஒரு கோள் 16 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் சுற்றுகிறது. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே 15 கோடி கிலோமீட்டர் என்பதை நினைத்தால் அந்த நெருக்கம் புரியும். ஆண்டு 7.8 மணி நேரம். பல்சாரின் ஈர்ப்பு இழுத்து இழுத்துக் கோளே எலுமிச்சம்பழம் போல நீண்டுவிட்டது. பல்சார் உமிழும் காமாக் கதிர்கள் ஜேம்ஸ் வெப்பின் அகச்சிவப்புக் கண்ணுக்குத் தெரியாது. அதனால் கழிக்க வேண்டிய விண்மீன் ஒளியே இல்லை, கோளின் ஒளி மட்டும் சுத்தமாக வந்தது. இப்படி ஒரு வசதி வேறெங்கும் கிடைப்பதில்லை. 2025 டிசம்பரில் முடிவு வெளியானது: ஹீலியமும் கார்பனும் நிறைந்த வாயுமண்டலம், இரண்டு கார்பன் அணு, மூன்று கார்பன் அணு சேர்ந்த மூலக்கூறுகள். தண்ணீரும் மீத்தேனும் காணோம். கரித்தூள் மேகங்கள் மிதக்கலாம், ஆழத்தில் அது வைரமாக உறையலாம் என்கிறார்கள். இப்படி ஒரு கோள் எப்படி உருவாகும் என்பதற்கு ஒத்துக்கொள்ளக்கூடிய விளக்கம் இதுவரை வரவில்லை.

இத்தனை விசித்திரங்களையும் அடுக்கினால், பிரபஞ்சமே கொதிக்கும் வாயுக் கோள்களால் நிறைந்தது போலத் தோன்றும். அது நம் முறையின் சாய்வு. விண்மீனை ஒட்டிச் சுற்றும் கோள் அடிக்கடி குறுக்கே வரும், பெரிய கோள் நிறைய மறைக்கும், சூடான காற்று உப்பி நிற்பதால் எளிதாகப் படிக்கலாம். டபிள்யூஏஎஸ்பி-107 பி என்று ஒன்று, வியாழனின் நிறையில் பத்தில் ஒரு பங்குதான், பருமனோ கிட்டத்தட்ட வியாழன் அளவு. பஞ்சு மிட்டாய் மாதிரி. அளப்பவருக்கு இதைவிட நல்ல விருந்து இல்லை. ஆனால் சூரியன் போன்ற நூறு விண்மீன்களை எடுத்தால், ஒட்டிச் சுற்றும் வியாழன்கள் ஏறக்குறைய ஒன்றிடம்தான் இருக்கும். அதிகம் இருப்பவை பூமிக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்ட கோள்கள். அந்த ரகத்தில் ஒன்றுகூட நம் சூரியக் குடும்பத்தில் கிடையாது. மற்றவர்கள் கண்ணுக்கு விசித்திரம் நாமாகவும் இருக்கலாம்.

அந்த இடைப்பட்ட ரகத்தில்தான் கே2-18 பி வருகிறது. சிம்ம ராசிப் பக்கம், 124 ஒளியாண்டு தொலைவு, ஆண்டு 33 நாள். 2019இல் ஹபிள் தரவை வைத்து அங்கே நீராவி என்று அறிவித்தார்கள். ஹபிள் பார்க்கும் சின்ன அலைநீள இடைவெளியில் நீராவியும் மீத்தேனும் ஒரே இடத்தில் ஒளியை விழுங்குகின்றன. 2023இல் ஜேம்ஸ் வெப் அகலமாகப் பார்த்தபோது அது மீத்தேன் என்று தெரிந்தது, கூடவே கார்பன் டை ஆக்சைடும். அந்தக் குழுவின் தலைவரும் மதுசூதன்தான். 2025 ஏப்ரலில் அவர்கள் டைமெத்தில் சல்பைடுக்கான அறிகுறியை அறிவித்தார்கள். பூமியில் அந்த வாயு பெரும்பாலும் கடலின் நுண்ணுயிர்களிடமிருந்து வருவது. உடனே "உயிர் கண்டுபிடிப்பு" என்று செய்திகள் பறந்தன. அறிகுறியின் பலம் மூன்று சிக்மா. சிக்மா என்பது ஒரு முடிவு தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதைச் சொல்லும் அளவு. கண்டுபிடிப்பு என்று சொல்லத் துறையில் எதிர்பார்ப்பது ஐந்து. அதே தரவை வேறு முறையில் அலசிய மற்ற குழுக்களுக்கு அந்த மூன்றும் தேறவில்லை. போதாததற்கு, உயிர் எதுவும் இல்லாத 67பி வால்நட்சத்திரத்திலும் இதே வாயு கண்டறியப்பட்டிருக்கிறது. மதுசூதனைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஊகத்தைத் துணிந்து முன்வைப்பதும், மற்றவர்கள் அதைப் பிய்த்துப் பார்ப்பதும்தான் இந்தத் துறை நடக்கிற விதம். தலைப்புச் செய்திகளுக்கு முதல் பாதி மட்டும் போதும்.

பாறைக் கோள்களில் கணக்கு இன்னும் கடினம். கும்ப ராசியில் 40 ஒளியாண்டு தொலைவில் டிராப்பிஸ்ட்-1 என்ற சிவப்புக் குறுமீன், வியாழனைவிடக் கொஞ்சமே பெரியது. அதைச் சுற்றி ஏழு பாறைக் கோள்கள் என்று 2017இல் ஸ்பிட்சர் தொலைநோக்கியின் உதவியோடு உறுதியானது. உள்ளே இருக்கும் பி கோளின் பகல் பக்கம் சுமார் 230 டிகிரி என்று 2023இல் ஜேம்ஸ் வெப் அளந்தது. காற்று இருப்பதற்கான அறிகுறி இல்லை, வெறும் பாறை போலத்தான் தெரிகிறது. நான்காவதான இ கோளின் தூரம், தண்ணீர் திரவமாக நிற்கக்கூடிய தூரம். அதன் முதல் நான்கு கடப்புகளைப் பார்த்தும் காற்று இருக்கிறதா இல்லையா என்று தீரவில்லை. காரணம் விண்மீன். அதன் மேல் புள்ளிகளும் வெடிப்புகளும். குளிர்ந்த விண்மீன் என்பதால் அதன் மேற்பரப்பிலேயே நீராவி உண்டு. கோளின் காற்றென்று நாம் படிப்பது விண்மீனின் புள்ளியாக இருந்துவிடலாம்.

இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பி கோளும் இ கோளும் சில மணி நேர இடைவெளியில் அடுத்தடுத்துக் குறுக்கே போகும் நாட்களைப் பொறுக்கி எடுத்து, அப்படிப் பதினைந்து கடப்புகளைப் பார்க்க ஜேம்ஸ் வெப்பில் நேரம் வாங்கியிருக்கிறார்கள். பி வெறும் பாறை என்றால், அது கடக்கும்போது தெரியும் எந்த வாயுவும் விண்மீனுடையதாகத்தான் இருக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டு, பின்னாலேயே வரும் இ கோளின் அளவிலிருந்து கழிப்பார்கள்.